தவசிக்கனி அண்ணாச்சி கடையில் கிடைக்காத சாமான்

டிவி வருவதற்கு முன்னால், பிளாஸ்டிக் பை வருவதற்கும் முன்னால், ஷாம்பு பாக்கெட்டுகள் தோரணம் கட்டினாற்போலக் கடை வாசல்களில் தொங்க ஆரம்பிப்பதற்கும் வெகுகாலம் முன்னால், எங்கள் வாகைநல்லூர் தெற்கு ரத வீதியில் தவசிக்கனி அண்ணாச்சியின் பலசரக்குக் கடை இருந்தது. அந்தக் கடைக்குள் உப்பிலிருந்து குங்குமப்பூ வரைக்கும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், எப்படி வேண்டுமானாலும் பேரம் பேசலாம், அண்ணாச்சியின் வழுக்கையைப் பற்றிக்கூட அவர் காதுபடப் பேசலாம், ஒரே ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

'இல்லை' என்பதுதான் அந்தச் சொல். துவரம்பருப்பு மூட்டையின் அடியில் தூசி மட்டும் கிடந்தாலும் அதைச் சொல்லக் கூடாது. நாளைக்குச் சரக்கு வருது என்று சொல்லலாம், பாசிப்பருப்பு புதுசாக வந்திருக்கிறது பார்க்கிறீர்களா என்று கேட்கலாம், ஒன்றுமே தோன்றாவிட்டால் யாருமே இருக்காத பின்கட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் வந்தவர் மனசை மாற்றிவிடலாம். வியாபாரம் நடக்கிற இடத்தில் அந்தச் சொல் விழுந்தால் லட்சுமி செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள் என்பது அண்ணாச்சியின் கட்சி. எங்கள் தெருவில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு, ஆனால் நாங்களெல்லாம் ஆள் பார்த்து, நேரம் பார்த்துக் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம். அண்ணாச்சியோ வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மோர் இருக்கா என்று கேட்டு, மனைவி பூரணம் கையை விரித்தால், வாயைத் திறந்து சொல்லாதவரைக்கும் சரி என்று ரசத்தையே இன்னொரு தடவை விட்டுக்கொள்வார்.

நான் பூலோகம். அண்ணாச்சி கடைக்கு நேர் எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சைக்கிள்கள் எல்லாம் வெளியே போய்விட்டால் எனக்கு எதிர்க்கடையைப் பார்ப்பதுதான் வேலை, அதை ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். காலையில் அண்ணாச்சி கடை ஆட்கள் நம்பர் போட்ட பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது முதல் பலகைக்கு மல்லி வாசம் வரும், அடுத்த பலகைக்குக் கருப்பட்டி, அதற்கடுத்ததற்குப் பெருங்காயமும் கடலைப் புண்ணாக்கும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு வரும், கடைசிப் பலகை கழன்றதும் மண்ணெண்ணெய் எல்லோரையும் தள்ளிவிட்டுத் தெருவுக்கு இறங்கும். உள்ளே சுவர் முழுக்க மர டிராயர்கள், பித்தளைக் கைப்பிடி போட்டவை, தரையிலிருந்து உத்தரம் வரைக்கும். உத்தரத்தில் ஒரு நூல்கண்டு தொங்கும், அதிலிருந்து நூல் இறங்கி வந்து முப்பிடாதியின் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும்.

முப்பிடாதியைச் சொல்லாமல் அந்தக் கடையைச் சொல்ல முடியாது. அவள் அப்பா அதே கடையில் மூட்டை தூக்கியவர். அவருக்கு இடுப்பு விழுந்த வருஷம் அவளை மிளகாய் வற்றல் காம்பு கிள்ளுகிற வேலைக்கு அண்ணாச்சி வரச் சொன்னார். ஒரு தீபாவளி நெரிசலில், ஆள் போதாமல் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டு எழுந்து கையை உயர்த்தி அந்த நூலைப் பிடித்தாள், பிறகு விடவே கிடையாது. பேப்பரைச் சுருட்டி, சாமானைக் கொட்டி, வாயை மடித்து, நூலைச் சுற்றி, விரலில் ஒரு சுண்டு சுண்டி அறுத்து நம் கையில் கொடுக்கும்வரை எல்லாம் ஒரே அசைவாக இருக்கும். சீரகமும் மிளகும் வாங்க வருகிறவர்கள், அதைப் பார்ப்பதற்காகவே, கடுகையும் நினைவுபடுத்திக்கொண்டு வாங்குவார்கள். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கிறது என்று ஊர் அவளைப் பற்றிக் கவலைப்பட்டது. அவள் ஊரைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள்:

"இந்த நூலு கையில இருக்கையில எனக்குள்ள ஒரு பாட்டு ஓடும்ணே. வீட்டுக்குப் போனா நின்னுரும். காலையில வந்து நூலப் புடிச்சா, விட்ட எடத்துலருந்து ஓடும்."

இப்படியிருக்க, ஒரு அக்கினி நட்சத்திரத்தில், தெருவில் தார் இளகி என் சைக்கிள் டயர்களைப் பிடித்துக்கொண்டிருந்த மத்தியானம், புதிதாக மாற்றலாகி வந்திருந்த போஸ்ட்மாஸ்டரின் மனைவி கடைக்கு வந்தாள். கொடைக்கானல்காரி, பாவம், எங்கள் ஊர் வெயில் அவளை அரைப் பங்காகச் சுண்ட வைத்திருந்தது. பையை மேடையில் வைத்துவிட்டு, யார் மேலோ இருந்த கோபத்தை எல்லாம் கூட்டி, எங்க ஊர்க் குளிர் கால் கிலோ கிடைக்குமா உங்க கடையில் என்று கேட்டாள். முப்பிடாதி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வாய்ப் பழக்கத்தில் இருக்கு என்று சொல்லிவிட்டு, கைப் பழக்கத்தில் சுக்குக்கும் கடுகுக்கும் நடுவிலிருந்த டிராயரை இழுத்தாள். இருந்தது.

வெள்ளையாகவும் கிடையாது, கட்டியாகவும் கிடையாது. டிராயருக்குள் கொஞ்சம் புகை படிந்த மாதிரி, யூக்கலிப்டஸ் வாசத்தோடு, அசையாமல் கிடந்தது. முப்பிடாதி கரண்டியால் அள்ளித் தராசில் போட்டு நிறுத்தாள், பேப்பரில் கொட்டி மடித்தாள், கசியுமோ என்று சந்தேகப்பட்டு மேலே இன்னொரு பேப்பரும் சுற்றினாள். கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணாச்சி, நல்லா இறுக்கிக் கட்டு, வழியில ஒழுகிரப் போவுது என்று மட்டும் சொன்னார். விலை என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் காதைக் குடைந்து யோசித்துவிட்டு, இரண்டையும் அள்ளுகிற கரண்டி ஒன்றுதான் என்பதால் சீனி விலையே போடச் சொன்னார். அன்று சாயங்காலம் போஸ்ட்மாஸ்டர் குடும்பம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வெங்காய பஜ்ஜி சாப்பிட்டதை ஊரே பார்த்தது.

மறுநாளிலிருந்து தெற்கு ரத வீதிக்குக் கிறுக்குப் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும், நல்ல கிறுக்கு. லோடு ஏற்றும் ஆட்கள் மத்தியானத் தூக்கம் ஆளுக்கு ஐம்பது கிராம் வாங்கி, லாரி நிழலில் பிரித்துப் பங்கு போட்டுத் தூங்கினார்கள். பெண் பார்க்க ஆள் வருகிற வீட்டுக்காரர்கள் பந்தியில் சிரிப்புக் குறையாமல் இருக்க அரைக்கிலோ சிரிப்பு வாங்கிப்போய், அளவு தெரியாமல் மொத்தத்தையும் பாயசத்தில் போட்டுவிட, மாப்பிள்ளையின் தாய்மாமன் சிரித்துச் சிரித்துப் பல்செட்டை விழுங்கப் போய், அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமானது. அம்மன் கோயில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கினார். முடிதிருத்தும் கடைக்காரர் கழுத்தில் மட்டும் படுகிற மாதிரிக் காற்று வாங்கினார். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்கு, போன வருஷம் படித்து மறந்துபோனதைச் சுருட்டு சுருட்டாகக் கட்டிக் கொடுத்தார்கள். எடை அளவு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து, குளிரைக் கிலோவில் நிறுப்பதா படியில் அளப்பதா என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ஒன்றும் அகப்படாமல், தராசு சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்திவிட்டு, எல்லோரும் போகும்வரை காத்திருந்து, முன்நெற்றிக்குக் கொஞ்சம் முடி கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். சுருட்டை முடிதான் இருந்தது, பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்டார்களா என்றால், கேட்டார்கள், ஆனால் நின்று பதில் கேட்கத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை, வரிசையில் இடம் போய்விடுமே. எங்கள் தெருப் பெண்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினைகள் இருந்தன. மழைச்சத்தத்தைத் தகர டப்பாவில் வைப்பதா மண்பானையில் வைப்பதா, தூக்கத்தை எறும்பு மொய்க்குமா, சிரிப்பு மாசக்கடைசி வரை கெடாமல் இருக்குமா என்று குழாயடியில் விவாதம் நடந்தது. என் மனைவி கோமு தூக்கப் பொட்டலத்தில் நாலு மிளகைப் போட்டு வைத்தாள், வண்டு வராது என்றாள்.

எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்துச் செத்துப்போன ஞானமுத்துவின் மனைவி சவரியம்மாள் ஒரு சாயங்காலம் வந்து, எல்லோருக்கும் கடைசியாக நின்று, அவர் வீட்டுக்கு வரும் சத்தம் கிடைக்குமா என்று கேட்டாள். ஞானமுத்துவின் சைக்கிளை எனக்குத் தெரியும். செயின் கவர் லொடலொடவென்று அடிக்கும், சந்து முனையிலேயே கேட்டுவிடும், ஒரு போல்ட் போட்டுச் சரிபண்ணித் தருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பிடாதி ஏணி போட்டு ஏறி, உச்சியிலிருந்த டிராயரைத் திறந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு இறங்கினாள், சின்னப் பொட்டலமாக மடித்தாள். சவரியம்மாள் அதைப் பிரித்தபோது நான் என் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். லொடலொடவென்று சந்துக்குள் அந்தச் சத்தம் போனது, ஸ்டாண்டை உதைக்கும் சத்தம் கேட்டது, பிறகு கதவு திறந்தது. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அன்றிலிருந்து அவள் தினமும் ஒரு பொட்டலம் வாங்கினாள்.

இவ்வளவு நல்லது நடக்கும்போது அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து, அந்தக் காரணத்துக்குக் காவல் போட்டால்தான் எங்கள் ஊர் ஆட்களுக்குச் சாப்பாடு இறங்கும். வியாபாரிகள் சங்கச் செயலாளர் உமையொருபாகம், பாத்திரக்கடைக்காரர், கூட்டம் போட்டார். பரம்பரையாக அந்தக் கடைக்குள் 'இல்லை' என்ற சொல் விழாமல் காத்ததால்தான் இப்படி எல்லாமே இருக்கிறது என்றும், ஒரு தடவை அந்தச் சொல் விழுந்தால் அத்தனை டிராயரும் காய்ந்துபோகும் என்றும், அதனால் அலங்கார வளைவிலிருந்து தேரடிவரை தெற்கு ரத வீதி முழுவதும் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்றும் தீர்மானம் போட்டார். எதிர்ப்பு உண்டா என்று கேட்டார். எதிர்க்கிறவன்கூட என்ன சொல்லி எதிர்ப்பது? ஏகமனதாக நிறைவேறியது.

அப்புறம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. சைக்கிள் இருக்கா என்று கேட்டு வருகிறவனிடம் இருக்கு என்று சொல்லி, என் சொந்த சைக்கிளைக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு நடந்து போனேன். ஓட்டல்காரர் பூரி இருக்கு என்று சொல்லிவிட்டு, அடுத்த தெரு ஓட்டலுக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்து வைத்தார். அங்கே பூரி தீர்ந்துபோக, அந்த ஓட்டல்காரர் தன் பூரியையே தானே வாங்க எங்கள் தெருவுக்கு வந்து உட்கார்ந்தார். கைமாற்று கேட்கிறவர்கள், ஜாமீன் கையெழுத்து கேட்கிறவர்கள், விருந்துக்கு வரலாமா என்று கேட்கிற தூரத்துச் சொந்தங்கள் எல்லாம் தெருவுக்குள் நுழைந்து நின்றுகொண்டுதான் கேட்டார்கள். என் அக்காவும் அவள் குடும்பமும் ஞாயிறுக்கு ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர ஆரம்பித்தார்கள். தங்கம் விற்கிறவரிடம் பழைய நகைக்குக் காசு வாங்காமல் புது நகை மாற்றித் தருவீர்களா என்று ஒருத்தி கேட்டுவிட, அவர் ஒரு வாரம் காய்ச்சல் என்று கடையே திறக்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். தலை சுற்றுகிற மாதிரி ஒரு சந்தோஷம். எதைக் கேட்டாலும் இருக்கிற தெருவில் வாழ்வது சும்மாவா?

இந்தத் தெருவைத்தான் பஸ் முதலாளி நல்லபெருமாள் கவனித்துக்கொண்டிருந்தார். ஊரில் ஓடிய பஸ்கள் எல்லாமே அவருடையவை, மனைவி தவறி வருஷமாகியிருந்தது, அவருடைய அக்கா அவரை அடுத்த கல்யாணத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண் முப்பிடாதி மேல் விழுந்திருந்தது. தரகரை விட்டுக் கேட்டார், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். தெப்பக்குளத்துப் பக்கம் நேரிலேயே கேட்டார், வேண்டாம் என்று நேரிலேயே சொன்னாள். அவர் அதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கடையில் நிற்கவே வேண்டாம், தேக்கு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று விலையைக் கூட்டினார். அதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஊஞ்சல்ல உக்காந்து என்னத்தண்ணே மடிக்கது?"

நல்லபெருமாள் கெட்ட மனுஷன் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டால் கிடைக்கும் என்று பழகிப்போனவர், அவ்வளவுதான். தீர்மானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்கு வழி புரிந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம், கடையில் கூட்டம் தெருவில் பாதிவரை நின்றபோது, பட்டு ஜிப்பா போட்டு, பின்னால் அக்கா வெற்றிலை பாக்குப் பழத் தட்டோடு வர, நல்லபெருமாள் எல்லோரையும் போல வரிசையில் வந்து நின்றார். முன்னால் விடுகிறோம் என்று சொன்னவர்களைக்கூட வேண்டாம் என்று கையமர்த்தினார். அவருக்குப் பின்னால் சவரியம்மாள் நின்றிருந்தாள். அவர் முறை வந்தது. முப்பிடாதி கையை நூலுக்கு உயர்த்தியபடியே என்ன வேணும் என்று கேட்டாள்.

"எனக்குப் பொண்டாட்டியா முப்பிடாதி வேணும். இருக்கா?"

கல்லாவில் அண்ணாச்சியின் கை அப்படியே நின்றது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் நெருங்கி வந்தார்கள், நானும் சைக்கிளைச் சாத்திவிட்டு ஓடினேன். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் இருக்கு என்று சொன்னால் தட்டு மாறிவிடும், வெற்றிலை பாக்கு சாட்சியாக, ஊர் முன்னால். அந்தச் சொல்லைச் சொன்னால் குளிர் போகும், தூக்கம் போகும், சிரிப்பு போகும், சந்துக்குள் வருகிற சைக்கிள் சத்தம் போகும். அவளுக்கு அந்த நூல் வேண்டும், எங்களுக்கு அந்த டிராயர்கள் வேண்டும். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். அந்த நேரத்தில் அவளைப் பற்றி நினைத்தவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று என்னைக் கேட்டால், நான் நல்லபெருமாளின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்வேன்.

முப்பிடாதி முதலில் தொழில் வழக்கப்படி நாளைக்கு வாங்க என்றாள். அவர் இங்கேயே நிற்கிறேன் என்று சிரித்தார். பெரிய சந்தையில் இதைவிட நல்லதாகக் கிடைக்கும் என்றாள். எனக்கு இந்தக் கடைதான் வாடிக்கை என்றார். அவள் திரும்பி, யாரும் இருக்காத பின்கட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். அவர் காத்திருந்தார். உமையொருபாகம் மேடையோரம் சாய்ந்து, தாயி, ஊர நெனச்சுக்கோ என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அண்ணாச்சி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்போதுதான் பின்னாலிருந்து சவரியம்மாள் பேசினாள்.

"சொல்லிரு மக்கா. எனக்கு நேத்து வாங்குனதே போதும்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய சீதனத்தை யாரும் யாருக்கும் கொடுத்து நான் கண்டது கிடையாது.

முப்பிடாதி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நூலை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். டிராயர்களின் மேல் கையை ஓட்டிக்கொண்டே போனாள், வெந்தயம், ஓமம், கசகசா, குளிர், தூக்கம் என்று தாண்டி, தரையோடு ஒட்டி மூலையில் இருந்த, யாரும் எப்போதும் திறக்காத, பித்தளை பச்சை பூத்துக் கிடந்த டிராயரின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அது லேசில் வரவில்லை. கால்களை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் சொல்லாமல் வைத்ததெல்லாம் அதற்குள் நிறைந்து கிடந்தது, கொட்டைப்பாக்கு அளவில், கருப்பாக, வழவழவென்று. ஒன்றை எடுத்து வந்து தராசில் போட்டாள். தட்டு டங்கென்று மேடையில் இடித்து, எதிர்த்தட்டில் இருந்த படிக்கல் துள்ளி விழுந்தது. அவள் பேப்பரைச் சுருட்டினாள், அதைப் போட்டாள், வாயை மடித்தாள், நூலைச் சுற்றி விரலில் சுண்டி அறுத்தாள், எல்லாம் அதே ஒரே அசைவில். நல்லபெருமாளின் கையில் வைத்தாள்.

"இல்ல," என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. உப்பு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். தெருக்கோடிவரை கேட்டது.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டிராயர்கள் காய்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாதே. நல்லபெருமாள் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது, விலகி வழிவிட்டார். முப்பிடாதி கையை மறுபடி நூலுக்கு உயர்த்தி, அடுத்து யாரு என்றாள். அடுத்து நின்றது சவரியம்மாள். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் காற்று மாதிரிக் கேட்டாள்.

"அந்தச் சத்தம்... இருக்கா மக்கா?"

முப்பிடாதி ஏணியைச் சாய்த்தாள். ஏறினாள். உச்சி டிராயரைத் திறந்து காதை வைத்தாள். அவள் முகத்தை நாங்கள் கீழிருந்து பார்த்தோம், அது மெல்ல மெல்ல விரிந்தது.

"இருக்கு."

அப்புறம் தெருவில் எழுந்த சத்தத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? அண்ணாச்சி கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு மேடையைத் தாண்டிக் குதித்து வெளியே வந்தார், அந்த வயதில், அந்தத் தொப்பையோடு. ஓட்டல்காரர் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, பூரி இல்ல, பூரி இல்ல என்று சந்தோஷமாகக் கத்தினார். தங்கம் விற்கிறவர் காய்ச்சல் விட்டு எழுந்து வந்தார். எல்லா டிராயரும் இருந்தபடி இருந்தன, குளிர் குளிராகவே கிடந்தது, ஒன்றும் காயவில்லை. அந்தச் சொல்லுக்கும் எங்கள் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நாங்கள் சும்மாவே இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். உமையொருபாகம் தீர்மானத்தை ரத்து செய்ய அவசரக் கூட்டம் போட அவசியம் இருக்கா என்று கேட்டார். இல்லை என்று தெருவே சேர்ந்து சொன்னது.

நல்லபெருமாள் வீட்டுக்குப் போய்த்தான் பொட்டலத்தைப் பிரித்தாராம். அதுவரை அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சாமானைக் கையில் வைத்துப் பார்த்ததே கிடையாது. ராத்திரி முழுக்க அதை உருட்டி உருட்டிப் பார்த்தவர், காலையில் அக்கா, அப்படியென்றால் தென்காசியில் ஒரு பெண் இருக்கிறாள் என்று ஆரம்பித்ததும், அதை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார் என்று அவருடைய டிரைவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு மனுஷன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. ஒருநாள் கடைக்கு வந்து, முப்பிடாதியிடம் அரைக்கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டு போனார், வேறெதுவும் கேட்கவில்லை.

ஆனால் கதை அவரோடு முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை முதல் பலகையைக் கழற்றுவதற்கு முன்பே கடை வாசலில் வரிசை நின்றது. எல்லாம் பெண்கள். நடுநடுவில் சில ஆண்களும், எல்லோருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டே பாதி சம்பளம் பறிகொடுத்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி ஆட்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் குளிர் கேட்கவில்லை, சிரிப்பு கேட்கவில்லை. மூலை டிராயரைக் கண்ணால் காட்டி, அந்தச் சாமான் இருக்கா என்று கேட்டார்கள். இருக்கு, இருக்கு என்று முப்பிடாதி பொட்டலம் பொட்டலமாக மடித்துக்கொண்டே இருந்தாள், நூல்கண்டு உத்தரத்தில் கிறுகிறுவென்று சுற்றியது, அவளுக்குள் ஓடுகிற பாட்டு அன்று வாய்க்கு வந்துவிட்டது, எதிர்க்கடையில் எனக்கே கேட்டது. கால் கிலோவெல்லாம் யாரும் வாங்கவில்லை. அதைப் பக்குவமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தால் ஐம்பது கிராமே ஒரு குடும்பத்துக்கு வருஷக்கணக்கில் வரும்.

நான் வாயைத் திறந்துகொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனே ஒழிய, வரிசையில் மஞ்சள் பையோடு நின்றவர்களை ஒழுங்காகக் கவனிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் திண்டு தலையணையில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டே, மத்தியானம் அக்கா வீட்டிலிருந்து எல்லோரும் சாப்பிட வருகிறார்கள், இந்தத் தடவை அவள் மருமகனின் தம்பிகளும் சேர்த்து, கறி கொஞ்சம் கூடவே எடுத்துக்கொள் என்று கோமுவிடம் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதற்கு வரட்டும் என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதே கிடையாது.

கோமு அடுக்களைக்குள் போனாள். கையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். என் எதிரே உட்கார்ந்து, நிதானமாக, முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி, நூலை அறுக்காமல் அவிழ்த்து, மறுபடி உதவும் என்று விரலில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பேப்பரைப் பிரித்தாள்.